49 வயதில் 70 வயதுத் தாத்தா: சிஷு ரியூவின் நடிப்பு வாழ்க்கை

[திரையில்: 'டோக்கியோ ஸ்டோரி', கடலோரச் சுவரில் உட்கார்ந்திருக்கும் வயதான தம்பதி]

இந்தத் தாத்தாவை நல்லா பாருங்கள். படம் 1953-இல் வந்தது. கதைப்படி இவருக்கு 70 வயது, நடித்த ஜப்பானிய நடிகர் சிஷு ரியூவுக்கு அப்போது வெறும் 49. பக்கத்தில் மனைவியாக இருக்கும் சியெகோ ஹிகாஷியாமா இவரைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர், மூத்த மகளாக வரும் ஹாருகோ சுகிமுராவோ இவரைவிட 5 வயதுதான் இளையவர். படம் பார்க்கும்போது இது யாருக்காவது தோன்றுகிறதா? எனக்குத் தோன்றவே இல்லை. மேக்கப் மட்டும் இதைச் செய்துவிடாது. உட்காரும் விதம், எழும்போது எடுத்துக்கொள்ளும் நேரம், யார் என்ன சொன்னாலும் ஒரு சின்னச் சிரிப்போடு 'ம்ம்' கொட்டுவது, எல்லாமே வயதானவருடையது.

ரியூ 1904-இல் குமாமோட்டோவில் ஒரு புத்தக் கோயில் பூசாரியின் மகனாகப் பிறந்தவர். 1925-இல் ஷோசிக்கு நிறுவனத்தின் கமாட்டா ஸ்டூடியோவில் சேர்ந்தார். அப்பா இறந்ததும் கொஞ்ச காலம் ஊருக்குப் போய்க் கோயிலைப் பார்த்துக்கொண்டார், அப்புறம் பொறுப்பை அண்ணனிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். கிட்டத்தட்டப் பத்து வருடம் துண்டு துக்கடா வேடங்கள்தான்.

அவரைக் கைவிடாதவர் 'டோக்கியோ ஸ்டோரி'யின் இயக்குநர் யசுஜிரோ ஓசு. 1942-இல் ஓசு ஒரு படத்தில் அவரை அப்பாவாக்கினார், வளர்ந்த மகனாக நடித்தவர் ரியூவைவிட 8 வயதுதான் சின்னவர்!

[திரையில்: 'லேட் ஸ்பிரிங்', 1949, ஆப்பிள் தோல் சீவும் கை]

என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் இதுதான். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும் அப்பா தனியாக உட்கார்ந்து ஆப்பிள் சீவுகிறார். இங்கே வாய்விட்டு அழச் சொன்னாராம் ஓசு. ஓசு சொன்னதை அப்படியே செய்கிற ரியூ, இது மட்டும் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார், ஓசுவும் வற்புறுத்தவில்லை. தோல் கீழே விழுகிறது, தலை மெல்லச் சாய்கிறது, அவ்வளவுதான். அழுதிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

1963-இல் ஓசு இறந்தார். ரியூ நிற்கவில்லை. 1969-இல் தொடங்கிய 'டோரா-சான்' நகைச்சுவைப் படத் தொடரில், டோக்கியோவின் ஷிபமாட்டா பகுதியில் இருக்கும் கோயிலின் பூசாரி அவர்தான். கோயிலை விட்டு வந்த மனிதரை அந்த வேடத்தில்தான் ஜப்பான் முழுக்கக் கொண்டாடியது, 1992-இல் வந்த 45-ஆவது படம் வரை. அடுத்த மார்ச்சில், 88 வயதில் காலமானார்.

அவரை நிஜமாகவே வயதானவராகப் பார்க்க, அகிரா குரோசாவாவின் 'ட்ரீம்ஸ்' படத்தின் கடைசிப் பகுதியைப் போடுங்கள். 1990-இல் வந்தது, நீர்ச்சக்கரங்கள் ஓடும் கிராமத்தில் 103 வயதுக் கிழவர். அப்போதும் நிஜ வயதைவிடக் கூடுதல்தான்!