ஒரு வாசலில் நிற்பவர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குறுகலான ஒரு தெரு. இரண்டு பக்கமும் வீடுகள். நடுவே ஆடுகளை ஏற்றிய பெரிய லாரி ஒன்று ஊர்ந்து போகிறது. லாரியின் பக்கச் சட்டங்களுக்கு நடுவே மூக்குகள் தெரிகின்றன. நடைபாதையில் நிற்பவர் கையை நீட்டினால் அந்த மூக்குகளைத் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். 1995ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் பிரைட்லிங்சீ என்ற சின்னஞ்சிறு துறைமுக ஊரில் நடந்தது இது. விலங்குரிமைக்காக உள்ளூர் மக்கள் நடத்தும் போராட்டங்களைப் பற்றிப் பேச என்னை அழைத்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தெருதான்.

அதற்கு முந்தைய ஆண்டு, பொதுமக்கள் கொடுத்த நெருக்கடியால் பெரிய கப்பல் நிறுவனங்கள், கசாப்புக்காகவும் கொழுக்க வைப்பதற்காகவும் அனுப்பப்படும் உயிருள்ள ஆடுமாடுகளை இனி ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டன. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? சின்னத் துறைமுகங்களையும் விமான நிலையங்களையும் தேடிப் போனார்கள். அப்படித்தான் பிரைட்லிங்சீ ஊருக்குள் அந்த லாரிகள் வந்தன. அங்கே வாழ்ந்தவர்கள் அதுவரை எந்த இயக்கத்திலும் இருந்தவர்கள் இல்லை. ஓய்வு பெற்றவர்கள், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்த தாய்மார்கள், கடை வைத்திருந்தவர்கள். அவர்களில் பலர் இறைச்சி சாப்பிடுகிறவர்கள்தான். ஆனாலும் தங்கள் வீட்டு வாசல் வழியாக அந்த லாரிகள் போனபோது அவர்களால் உள்ளே உட்கார்ந்திருக்க முடியவில்லை. வெளியே வந்து சாலையில் உட்கார்ந்தார்கள்.

ஜனவரி 16இல் தொடங்கியது. கலவரத் தடுப்பு உடையில் போலீஸ் வந்தது. மக்களைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு லாரிகளை நடத்திக் கொண்டுபோனார்கள். மறுநாளும் மக்கள் வந்தார்கள். வாரங்கள் மாதங்களாயின. மொத்தம் 598 பேர் கைது செய்யப்பட்டார்கள். அதில் 421 பேர் அந்த ஊர்க்காரர்கள். எங்கிருந்தோ வந்த கூட்டம் கலவரம் செய்கிறது என்று யாராவது சொன்னால் அதற்குப் பதில் இந்த ஒரு கணக்கிலேயே இருக்கிறது. அக்டோபர் 30ஆம் தேதியோடு அந்தத் துறைமுகத்தில் ஏற்றுமதி நின்றது. தாமதமும் கூடுதல் செலவும் தாங்க முடியவில்லை என்பதுதான் ஏற்றுமதி செய்தவர்கள் சொன்ன காரணம். அவர்கள் மனம் மாறியதாக நான் சொல்லமாட்டேன். கணக்கு மாறியது. ஆடுகளுக்கு அது போதும்.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். உலகத்து விலங்குகள் எல்லாவற்றின் துன்பத்தையும் ஒரே நேரத்தில் தோளில் சுமக்க முயல்கிறவர் சீக்கிரம் உடைந்துபோகிறார். எதிரில் இருப்பவரும், இவ்வளவு பெரிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்று கதவை மூடிக்கொள்கிறார். ஒரு வாசலைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒரு கோரிக்கையோடு நின்று, வந்த பதில் சரியில்லை என்றால் அடுத்த வாரமும் அங்கேயே நிற்கிறவர்களால்தான் நான் அறிந்த மாற்றங்கள் பெரும்பாலும் வந்திருக்கின்றன.

இதை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் ஹென்றி ஸ்பைரா. 1927இல் பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். கப்பலில் வேலை செய்தவர், தொழிற்சங்கக்காரர், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் நின்றவர், அப்புறம் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர். 1974இல் தத்துவவாதி பீட்டர் சிங்கர் விலங்குகளின் விடுதலை பற்றி நடத்திய மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் ஸ்பைரா கேட்டது, சரி, இப்போது என்ன செய்யப் போகிறோம் என்பதுதான்.

நியூயார்க்கில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூனைகளின் மூளையையும் புலன்களையும் சிதைத்து, அவற்றின் பாலுறவு நடத்தை எப்படி மாறுகிறது என்று பல ஆண்டுகளாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். செலவு அரசுப் பணம். ஸ்பைரா முதலில் பதாகை எழுதவில்லை. தகவல் பெறும் சட்டத்தின் கீழ் ஆவணங்களைக் கேட்டு வாங்கினார். சோதனையாளர்கள் தாங்களே எழுதி வைத்ததை உட்கார்ந்து படித்தார். 1976ஆம் ஆண்டுக் கோடையில் அருங்காட்சியக வாசலில் போராட்டம் தொடங்கியபோது, துண்டறிக்கையில் இருந்தவை பெரும்பாலும் அந்த ஆவணங்களில் இருந்த செய்திகள்தான். வார இறுதி தவறாமல் அங்கே நின்றார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் எட் கோச் சோதனைக்கூடத்துக்கு நேரில் போய்க் கேள்வி கேட்டார். 1977ஆம் ஆண்டின் கடைசியில் அந்தச் சோதனைகள் நின்றன.

என்ன ஒரு தேர்வு என்று பாருங்கள். புற்றுநோய்க்கு மருந்து தேடுகிற சோதனைக்கூடம் அல்ல. நோயாளியா பூனையா என்று யாரும் கேட்கமுடியாத இடம். வாசலில் தினமும் குழந்தைகளோடு குடும்பங்கள் நுழைகிற இடம். மக்களின் வரிப்பணத்தில் நடக்கிற சோதனை. பெரிய நியாயத்தை நிரூபிக்க அவர் சின்ன இடத்தைப் பிடித்தார்.

அடுத்து முயல்கள். அழகுசாதனப் பொருட்களை முயலின் கண்ணில் ஊற்றி எவ்வளவு எரிகிறது என்று பார்க்கும் டிரெய்ஸ் சோதனை 1944ஆம் ஆண்டிலிருந்து நடந்துவந்தது. முயலுக்குக் கண்ணீர் குறைவாகவே சுரக்கும். கண்ணில் விழுந்ததைக் கழுவித் தள்ள அதனால் எளிதில் முடியாது. தலை மட்டும் வெளியே தெரியும்படி பெட்டியில் பூட்டியிருப்பார்கள், முன்காலால் துடைக்கவும் வழியில்லை. இந்தச் சோதனையைச் செய்த நிறுவனங்கள் எத்தனையோ. ஸ்பைரா ஒன்றே ஒன்றைப் பிடித்தார்: ரெவ்லான். முதலில் பேசிப் பார்த்தார், கடிதம் எழுதினார், காத்திருந்தார். பயன் இல்லை என்று தெரிந்த பிறகு, 1980 ஏப்ரல் 15இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. அழகுக்காக எத்தனை முயல்களின் கண்ணைக் குருடாக்குகிறீர்கள் என்ற கேள்வி அதில் இருந்தது. அவர் கேட்டதோ மிகச் சின்னது. சோதனையை நாளைக்கே நிறுத்து என்று கேட்கவில்லை. மாற்று வழியைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கு உங்கள் வருமானத்தில் மிகச் சிறு பங்கைக் கொடுங்கள் என்றார். அந்த ஆண்டு முடிவதற்குள், ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் அப்படி ஓர் ஆராய்ச்சிக்கு 7,50,000 டாலர் தருவதாக நிறுவனம் அறிவித்தது. மற்ற நிறுவனங்களும் பின்னால் வந்தன. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம், விலங்குகளின் மேல் சோதிக்கப்பட்ட புதிய அழகுசாதனப் பொருட்களின் விற்பனைக்கே முழுத் தடை விதித்தது. இடையில் எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது. ஆனால் முதல் கதவு அப்படித்தான் திறந்தது.

எதிரில் இருப்பவர் தலைகுனியாமல் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு வழியை ஸ்பைரா எப்போதும் விட்டுவைத்தார். இதைச் சமரசம் என்று திட்டியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கோபத்தை முழுதாகக் கொட்டித் தீர்த்த நிம்மதி நமக்கு வேண்டுமா, முயலுக்குக் கண் வேண்டுமா என்று கேட்டால், எனக்குப் பதிலில் சந்தேகம் இல்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. பறவைகளையும் நாய்க்குட்டிகளையும் கூண்டில் வைத்து விற்கும் ஓர் இடத்தின் முன்னால் நாங்கள் ஆறு பேர் நின்றோம். தட்டியில் ஏழு கோரிக்கைகள் எழுதியிருந்தோம். ஒருவர்கூட நின்று படிக்கவில்லை. இரண்டு மாதம் அப்படியே போனது. ஒரு நாள் மாலை எங்களோடு நின்ற அக்கா ஒருவர், "மதியம் மூன்று மணிக்கு இங்கே வந்து பாருங்க, வெயில் நேரா கூண்டுமேல விழுது, தண்ணிக் கிண்ணம் காலியா கிடக்கு" என்றார். ஏழு கோரிக்கைகளையும் அழித்தோம். நிழல், தண்ணீர் என்று இரண்டே சொற்களைப் பெரிதாக எழுதினோம். தினமும் மூன்று மணிக்குப் படம் எடுத்து, தேதி போட்டு வைத்தோம். அதுவரை கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போனவர்கள் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். அங்கே வேலை செய்த பையன் ஒருவன் எங்கள் பக்கம் வந்து, நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள், பின்னால் இன்னும் மோசம் என்றான்.

ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அது காணாமல் போனது. மறுபடி கொடுத்தோம், மறுபடியும் போனது. மூன்றாம் முறை நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டோம். அதற்கப்புறம்தான் ஒருவர் வந்து பார்த்தார். கூரை போட்டார்கள், தண்ணீர் வைத்தார்கள். விற்பனை நிற்கவில்லை. அன்று இரவு எங்களில் இருவர் அழுதார்கள், இதுதானா என்று. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் மறுநாள் போய் நின்று பார்த்தபோது கிளிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அதைக் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேயர்களில் யாராவது இப்படி ஒன்றைத் தொடங்க நினைத்தால், என் அனுபவத்தில் தெரிந்த சிலதைச் சொல்கிறேன். அந்த இடத்துக்கு உரிமம் கொடுத்தது யார், அதில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். பல நேரம் நமக்குப் புதிய சட்டம் தேவைப்படாது, இருக்கிற நிபந்தனையே மீறப்பட்டிருக்கும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். மிகையாகச் சொன்ன ஒரு வரி போதும், உண்மையான ஒன்பது வரிகளையும் அது சாப்பிட்டுவிடும். லாரி ஓட்டுகிறவரையும் கூண்டு கழுவுகிறவரையும் திட்டாதீர்கள். அந்த முறையை வகுத்தவர்கள் அவர்கள் அல்லர், உள்ளே நடப்பது முழுதாகத் தெரிந்தவர்களும் அவர்களே. முறை வைத்து நில்லுங்கள். எல்லாரும் எல்லா நாளும் வந்தால் மூன்றாம் மாதம் யாரும் வரமாட்டார்கள். மிரட்டல், தீவைப்பு என்று போனவர்களும் இந்த இயக்கத்தின் வரலாற்றில் உண்டு. அது தவறு என்பதோடு, மக்களின் பார்வையைக் கூண்டிலிருந்து திருப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு விலங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உள்ளூர் மன்றங்களின் பலத்தைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். அமெரிக்காவின் ரிங்லிங் சகோதரர்கள் சர்க்கஸ் யானைகளுக்குப் பேர்போனதாக இருந்தது. யானையை அடக்கும் அங்குசத்துக்கு லாஸ் ஏஞ்சலிஸ், ஓக்லண்ட் போன்ற நகரங்கள் ஒவ்வொன்றாகத் தடை கொண்டுவந்தன. ஊருக்கு ஊர் நகர்கிற ஒரு சர்க்கஸ், ஊருக்கு ஒரு சட்டத்தோடு எத்தனை நாள் மல்லுக்கட்டும்? 2015இல் யானைகளை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். 2016 மே மாதம் யானைகள் கடைசியாக மேடையேறின. மறு ஆண்டு சர்க்கஸே மூடப்பட்டது. ஒவ்வொரு நகர மன்றத்திலும் கையில் ஒரு தாளோடு எழுந்து நின்று பேசிய உள்ளூர்க்காரர்களை யாருக்கும் தெரியாது.

எல்லாமே வெற்றி என்று சொன்னால் பொய். லண்டனில் 1903இல் ஒரு பழுப்பு நிற நாயை மருத்துவ மாணவர்கள் முன்னால் உயிரோடு அறுத்துப் பாடம் நடத்தினார்கள். மயக்க மருந்து சரியாகக் கொடுக்கவில்லை என்று, அந்த வகுப்பில் இருந்த சுவீடனைச் சேர்ந்த இரண்டு பெண்கள் எழுதினார்கள். வழக்கு நடந்தது. மயக்க மருந்து கொடுத்தோம் என்ற பேராசிரியர் பக்கமே தீர்ப்பு போனது. 1906இல் தொழிலாளர்கள் நிறைந்த பாட்டர்சீ பகுதியில் அந்த நாய்க்கு ஒரு சிலை வைத்தார்கள். கீழே குடிநீர்க் குழாய், மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும். மருத்துவ மாணவர்கள் அதை உடைக்க வந்தபோது அந்தப் பகுதி மக்கள் காவல் நின்றார்கள். தொழிற்சங்கத்தினரும் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்களும் அவர்கள் பக்கம் நின்றார்கள். 1910 மார்ச் மாதம் ஓர் இரவில், 120 போலீஸார் சூழ, மன்றமே அந்தச் சிலையைப் பெயர்த்து எடுத்துப்போனது. அப்புறம் அது இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. 1985இல்தான் பாட்டர்சீ பூங்காவில் அந்த நாய்க்குப் புதிய சிலை வந்தது. 75 ஆண்டுகள் யாரோ சிலர் மறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

மறுபடியும் அந்த லாரிகளிடம் வருகிறேன். பிரைட்லிங்சீயில் போராட்டம் தொடங்கிய அதே குளிர்காலத்தில், 1995 பிப்ரவரி 1இல், கன்றுக்குட்டிகளை ஏற்றிக்கொண்டு கவென்ட்ரி விமான நிலையத்துக்கு வந்த லாரியை நிறுத்தப் போன ஜில் பிப்ஸ் அதன் சக்கரத்தில் சிக்கி இறந்தார். வயது 31, ஒரு சிறுவனின் தாய். அக்டோபரில் பிரைட்லிங்சீ துறைமுகம் அமைதியானது, ஆனால் வியாபாரம் வேறு துறைமுகங்களுக்குப் போனது. டோவரிலும் ராம்ஸ்கேட்டிலும் வேறு ஆட்கள் தட்டியோடு வந்து நின்றார்கள். மழையில், பனியில், பத்து பேர், சில நாள் அதைவிடக் குறைவாக. 2024 மே மாதம், பிரிட்டனிலிருந்து ஆடு, மாடு, பன்றி, குதிரைகளைக் கசாப்புக்கும் கொழுக்க வைப்பதற்கும் உயிரோடு கடல் கடந்து அனுப்புவதைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது. பிரைட்லிங்சீ தெருவில் 60 வயதில் உட்கார்ந்தவர் அன்று இருந்திருந்தால் அவருக்கு வயது 89.

நன்றி, வணக்கம்.