கார்புரேட்டரில் கை வைக்காதீங்க! பழைய எம்ஜிபி வழியில் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்

[திரையில்: பானெட் திறந்த எம்ஜிபி. கேமரா இரட்டைக் கார்புரேட்டர்கள் மேல் மெதுவாக நகர்கிறது.]

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது இந்தக் கார்புரேட்டர். ஷூ வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர் கண்டுபிடித்தது இது. அந்தக் கதையும் வருகிறது, இது எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்பதும் வருகிறது. ஆனால் வீடியோவின் முதல் பாதி முழுக்க இதை யாரும் தொடக்கூடாது. வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது, சூடானதும் நின்றுவிடுகிறது, ஐடிலிங்கில் தடுமாறுகிறது என்றாலே எல்லோரும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நேராக இங்கேதான் வருகிறார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த செட்டிங்கைத் திருகிக் கெடுத்துவிட்டால், அதன் பிறகு கோளாறு ஒன்றா இரண்டா என்றே தெரியாது. ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்பொறியை அனுப்புகிற, ஓரமாக நிற்கிற டிஸ்ட்ரிபியூட்டர்தான் பெரும்பாலும் குற்றவாளி.

வரலாற்றை வேகமாக முடித்துவிடலாம். எம்ஜிபி 1962-ல் வந்தது, 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது, 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. 1798 சிசி, நான்கு சிலிண்டர் இன்ஜின். இவ்வளவு போதும், வேலைக்கு வருவோம்.

அதற்கு முன் ஒரு விஷயம். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. மேலே பெட்ரோல், கீழே பழுக்கக் காய்ந்த இரும்பு. அதனால் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், காற்றோட்டமான இடத்தில் நின்று வேலை பாருங்கள்.

[திரையில்: டாக்கோமீட்டர் முள், மிக அருகில்.]

சரி, ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் அணைந்துவிட்டது. பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பாதிப் பதில் உங்கள் கண் முன்னால் இருக்கிறது. இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டர்தான் டாக்கோமீட்டர். அது மின்சார வகையாக உள்ள கார்களில் அந்த முள் இக்னிஷன் துடிப்பை எண்ணித்தான் நகர்கிறது. கார் இன்னும் கியரிலேயே உருண்டுகொண்டிருக்க, முள் மட்டும் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் ஸ்விட்சான பாயிண்ட், பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரும் காயில், அங்கே போகிற வயர் ஆகியவற்றில் எங்கோ கரண்ட் துண்டித்திருக்கிறது. வண்டியின் வேகத்தோடு சேர்ந்து முள்ளும் மெதுவாக இறங்கினால் பெட்ரோல் பக்கம் சந்தேகப்படுங்கள். ஒரு ஸ்பானர்கூட எடுக்கவில்லை, தேட வேண்டிய இடம் பாதியாகிவிட்டது. எனக்குத் தெரிந்த சோதனைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதை மட்டும் கற்றுக்கொண்டு வீடியோவை நிறுத்தினாலும் பரவாயில்லை, நிறுத்தாதீங்க!

அடுத்தது காது. சாவியை இக்னிஷன் நிலைக்குத் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல் பேசாமல் இருங்கள். காரின் பின்பக்கத்திலிருந்து டிக் டிக் டிக் என்று சத்தம் வரும். அதுதான் எஸ்யூ நிறுவனத்தின் மின்சாரப் பெட்ரோல் பம்ப், கார்புரேட்டரும் இவர்களுடையதுதான். உள்ளே ஒரு மின்காந்தம் ரப்பர் சவ்வை இழுக்கிறது. இழுத்து முடித்ததும் பம்புக்குள் இருக்கிற தனிப் பாயிண்ட் திறந்து கரண்ட் நிற்கிறது, ஸ்ப்ரிங் சவ்வைத் திருப்பித் தள்ளிப் பெட்ரோலை அனுப்புகிறது, மறுபடியும் பாயிண்ட் சேர்கிறது. கார்புரேட்டர் நிரம்பியதும் பெட்ரோல் போக இடமில்லை, சவ்வு நகரவில்லை, டிக் சத்தம் நின்றுவிடுகிறது.

இதில் எவ்வளவு தகவல் இருக்கிறது பாருங்கள். முதலில் வேகமாக அடித்து, அப்புறம் அடங்கினால் பம்ப் நலம். நிற்காமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது வரும் வழியில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற மிதவையின் வால்வு மூடாமல் பெட்ரோல் வழிந்துகொண்டிருக்கிறது. கடைசியாகச் சொன்னது ஆபத்தானது, எக்ஸாஸ்ட் கீழேதான் இருக்கிறது என்று இப்போதுதானே பார்த்தோம். உடனே சாவியை அணைத்துவிடுங்கள். சத்தமே இல்லையென்றால் பம்புக்குள் இருக்கிற பாயிண்ட் கரிந்திருக்கலாம். ஸ்பானரின் கைப்பிடியால் பம்பை லேசாக ஒரு தட்டுத் தட்டினால் பல சமயம் உயிர் வந்துவிடும். வீடு போய்ச் சேர அது போதும். ஆனால் தட்டினால் ஓடும் பம்ப் தன் பாயிண்ட்டை மாற்றச் சொல்கிறது, அதைத் தள்ளிப்போடக்கூடாது.

[திரையில்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடி திறக்கிறது.]

இப்போது குற்றவாளியிடம் வருவோம். இரண்டு கிளிப்பைத் தள்ளினால் மூடி கழன்றுவிடும். நடுவில் சுற்றுகிற கேமின் முனையில் பாயிண்ட்டின் குதி ஏறி, பாயிண்ட் முழுக்கத் திறந்து நிற்கும் வரை இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். டாப் கியரில் போட்டுக் காரை மெல்லத் தள்ளினாலே இன்ஜின் சுற்றும். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இன்னும் சுலபம். இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மிமீ இருக்க வேண்டும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். குதி தேயத் தேய இந்த இடைவெளி குறையும், கூடவே பொறி விழும் நேரமான டைமிங்கும் நகரும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம்.

அப்புறம் யாரும் பார்க்காத ஒன்று. பாயிண்ட் தட்டுக்குப் போகிற அந்தக் குட்டி வயரைப் பாருங்கள். இன்ஜினின் இழுப்பைக் கொண்டு பொறி விழும் நேரத்தை மாற்றுகிற வேக்யூம் அட்வான்ஸ் ஒவ்வொரு முறை தட்டைத் திருப்பும்போதும் அந்த வயர் வளைந்து நிமிர்கிறது. பல ஆண்டுகள் இப்படி வளைந்தால் மேல் உறை அப்படியே இருக்க, உள்ளே கம்பி அறுந்துபோகும். ஐடிலிங்கில் இரு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், ஆக்சிலரேட்டர் மிதித்ததும் விலகும். அதாவது, மிதித்தால் இருமும் வண்டி. அறிகுறியை மட்டும் கேட்டால் யார் வேண்டுமானாலும் கார்புரேட்டர் என்றுதான் சொல்வார்கள். வயரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டால் உள்ளே செம்பு இல்லை என்று அர்த்தம்.

பாயிண்ட்டில் பொறி பறக்காமல் காக்கிற கண்டன்சர் போனால் இருட்டில் இன்ஜினைச் சுற்றும்போது பாயிண்ட்டில் பளிச்சென்று நீலப்பொறி பறக்கும். காயில் பழுதென்றால் வண்டி சூடான பிறகு நிற்கும், ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். வேக்யூம் அட்வான்ஸைச் சோதிக்க அதன் குழாயை வாயால் உறிஞ்சுங்கள். தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும், நழுவினால் சவ்வு கிழிந்திருக்கிறது.

வயரிங் பற்றிப் பேசினால் பிரிட்டிஷ் கார்க்காரர்கள் மின்சாரப் பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியை ‘இருட்டின் இளவரசன்’ என்று கிண்டலடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்துப் பதினைந்து வருஷம் ஓடினால் போதும் என்று செய்த வயரிங் அரை நூற்றாண்டு கடந்தும் ஓடுகிறது. கோளாறு பெரும்பாலும் துருப்பிடித்த புல்லட் இணைப்புகளிலும், பெயிண்ட் பூசிய இடத்தில் முடுக்கிய எர்த் வயரிலும்தான். வயரின் நிறமே வழிகாட்டும்: பழுப்பு என்றால் நேராகப் பேட்டரியிலிருந்து, வெள்ளை என்றால் சாவி வழியாக, பச்சை என்றால் சாவிக்குப் பின் ஃபியூஸ் வழியாக, கறுப்பு என்றால் எர்த். 1967 வரையிலான எம்ஜிபியில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கார் பாடியோடு சேரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பேட்டரியை மாற்றி இணைத்தால் செலவு கூடிவிடும்.

அடுத்து வால்வு இடைவெளி, இன்ஜின் குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம். எந்த வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதோ, அதன் வரிசை எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். வருகிற எண் கொண்ட வால்வைச் சரிசெய்யலாம். ஒன்றாவது திறந்திருந்தால் எட்டாவது, மூன்றாவது என்றால் ஆறாவது. எட்டு வால்வுகளுக்கும் இதே கணக்கு. அருமையாக இருக்கிறதல்லவா?

[திரையில்: கார்புரேட்டர், தனியாக, மேசை மேல்.]

டிஸ்ட்ரிபியூட்டர் சரி, பம்ப் சரி, வால்வு சரி. இப்போது, இப்போதுதான், கார்புரேட்டர்!

எஸ்யூ என்றால் ஸ்கின்னர் யூனியன். ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னரின் குடும்பம் லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற காலணி வியாபாரத்தில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வடிவமைத்த கார்புரேட்டரில் இன்று நாம் பார்க்கிற பிஸ்டன் கிடையாது. அதன் இடத்தில் தோல் துருத்தி! தோலோடு பழகிய வீட்டில் பிறந்தவர் தோலிலேயே விடை தேடியிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். துருத்திக்குப் பதில் உலோகப் பிஸ்டன் பின்னால் வந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? சாதாரணக் கார்புரேட்டரில் காற்று போகிற குறுகலான வழி மாறாத அளவு. அதனால் மெதுவான ஓட்டத்துக்கு ஒரு ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை), வேகத்துக்கு இன்னொன்று, திடீரென மிதித்தால் பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு குட்டிப் பம்ப் என்று பாகங்கள் கூடிக்கொண்டே போகும். எஸ்யூவில் இருப்பது ஒரே ஜெட். இன்ஜின் இழுக்கிற இழுப்பிலேயே பிஸ்டன் மேலே எழுகிறது, இழுப்புக் குறைந்தால் இறங்குகிறது. மூச்சு வாங்கும்போது ஏறி இறங்குகிற நெஞ்சைப் பார்ப்பதுபோல இருக்கும். பிஸ்டன் அடியில் கூம்பிய ஊசி ஒன்று தொங்குகிறது. பிஸ்டன் எழ எழ ஊசியின் மெல்லிய பாகம் ஜெட்டுக்குள் வரும், சுற்றிலும் இடம் கூடும், பெட்ரோலும் கூடும். காற்று எவ்வளவு வந்தாலும் ஜெட்டைத் தாண்டும் அதன் வேகம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் என்பதெல்லாம் அந்த ஊசியின் சரிவில் எழுதப்பட்டிருக்கிறது. தேய்ந்த ஊசியை இன்னொரு மாடலின் ஊசியால் மாற்றக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

மேலே ஒரு மூடி இருக்கிறதே, அதைத் திருகிக் கழற்றினால் ஒரு தண்டு எண்ணெயில் நனைந்து வெளியே வரும். பலர் இதை மசகு எண்ணெய் என்று நினைக்கிறார்கள். சட்டென்று மிதிக்கும்போது இந்த எண்ணெய் பிஸ்டனை உடனே எழவிடாமல் ஒரு கணம் பிடித்து வைக்கிறது. வழி குறுகலாகவே இருப்பதால் ஜெட்டின் மேல் இழுப்புக் கூடி, கூடுதல் பெட்ரோல் வருகிறது. மற்ற கார்புரேட்டரில் தனிப் பம்ப் செய்கிற வேலையை இங்கே சில சொட்டு எண்ணெய் செய்கிறது! எண்ணெய் வற்றினால் மிதித்ததும் வண்டி தயங்கும். 20 கிரேடு எண்ணெய், உள்ளே தெரிகிற குழாயின் விளிம்புக்கு அரை அங்குலம் மேலே வரை. மிதித்தால் தயங்குகிறது என்பவர்கள் முதலில் இதைப் பார்த்துவிட்டுக் கமென்ட்டில் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு இதிலேயே சரியாகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

பிஸ்டனைச் சோதிக்க அதை விரலால் தூக்கி விடுங்கள். எண்ணெய்த் தண்டை எடுத்துவிட்டுச் செய்தால் ‘டக்’ என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். மெத்தென்று நின்றால் ஊசி ஜெட்டில் உரசுகிறது, அல்லது உள்ளே அழுக்கு. துடைக்க மெல்லிய துணி போதும், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

மிதவைக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் இன்ஜினில் இருந்ததும் எஸ்யூ நிறுவனத்தின் மிதவைக் கார்புரேட்டர்தான், வடிவம் வேறு. விமானம் தலையைக் கீழே குத்திப் பாய்ந்தால் பெட்ரோல் மிதவை அறையின் மேல்பக்கம் எழும்பி இன்ஜின் ஒரு கணம் அணையும், பிறகு பெட்ரோல் வெள்ளமாக வந்து மூச்சுமுட்டும். எதிரியான ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தில் கார்புரேட்டர் இல்லாத பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் 1941-ல் நடுவில் துளையிட்ட ஒரு சிறிய உலோகத் தடுப்பைப் பெட்ரோல் வழியில் வைத்து அந்த வெள்ளத்தைக் கட்டுப்படுத்தினார். பைக் பந்தயத்திலும் பெயர் வாங்கியவர் அவர். உங்கள் காரில் மிதவை வால்வில் சிக்கியிருக்கும் ஒரு துகள் செய்வதும் அதே வெள்ளம்தான்.

இப்போது டியூனிங். இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். இரண்டு கார்புரேட்டருக்கும் நடுவிலுள்ள இணைப்பைத் தளர்த்துங்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் காற்று நுழையும் வாயிலும் ஒரே இடத்தில் பிடியுங்கள். இரண்டிலும் ‘ஸ்ஸ்’ சத்தம் ஒன்றாக வரும் வரை ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகுங்கள். அப்புறம் பக்கத்திலிருக்கும் ‘லிஃப்ட் பின்’ என்ற சிறு கம்பியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். இன்ஜின் வேகம் ஒரு கணம் லேசாகக் கூடிப் பழையபடி ஆனால் கலவை சரி. கூடியே இருந்தால் பெட்ரோல் அதிகம். வேகம் குறைந்து அணையப் பார்த்தால் பெட்ரோல் போதாது. அடியிலுள்ள ஜெட் நட்டை மேலே திருகினால் பெட்ரோல் குறையும், கீழே திருகினால் கூடும். நட்டின் ஆறு பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் திருப்பி, மறுபடியும் தூக்கிப் பாருங்கள். பிற்கால எச்ஐஎஃப் வகை எஸ்யூ கார்புரேட்டரில் நட்டு கிடையாது, பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூ.

எவ்வளவு திருகினாலும் ஐடிலிங் நிலைக்கவில்லை என்றால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது காற்று வழியைத் திறக்கிற த்ராட்டிலின் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த இடைவெளியில் காற்று நுழைகிறது. அதை டியூனிங்கால் சரிசெய்ய முடியாது, புஷ் மாற்ற வேண்டும்.

முன் சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்க மறக்காதீர்கள். பிரேக்குக்குத் தனி வீடியோ வேண்டும், இங்கே அவசரமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது.

இணைப்பை மறுபடியும் முடுக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பு என்றால் சரி. கரி படிந்திருந்தால் நட்டை ஒரு பக்கம் மேலே, வெளுத்திருந்தால் ஒரு பக்கம் கீழே. உங்கள் பிளக் என்ன நிறத்தில் வந்தது, எந்த ஆண்டு மாடல் என்று கமென்ட்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோ, வேகமாக ஓடும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கிற ஓவர்டிரைவ் பற்றி, அதில் முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ் எண்ணெய் அளவும், ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தமான சோலனாய்டுக்குப் போகிற வயரும்.