உச்சிக்குழியும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும்

(தாய்மார்கள் கூட்டம் ஒன்றில் குழந்தைகள் நல மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாக்களுக்கும் கூடவே வந்திருக்கும் பாட்டிகளுக்கும் வணக்கம்.

ஒன்றிலிருந்து மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் நோய்களுக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று பேசச் சொன்னார்கள். சளி, காய்ச்சல் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அதிக நேரம் வயிற்றுப்போக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கை வைத்தியத்தால் உயிரையே காப்பாற்ற முடிகிற நோய் அது. கை வைத்தியம் தப்பினால் உயிருக்கே உலை வைப்பதும் அதே நோய்தான்.

பேதி போகும் குழந்தையைத் தூக்கியதும் பாட்டி முதலில் தலையைத் தடவுவார். "உச்சிக்குழி விழுந்திருச்சு" என்பார். தலை உச்சியில் எலும்பு இன்னும் சேராத மெத்தென்ற இடம்தான் உச்சிக்குழி. மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதையேதான். உடம்பில் நீர் வற்றினால் உச்சிக்குழி உள்வாங்கும், கண் குழியும், அழுதால் கண்ணீர் வராது. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் உச்சி மூடிவிடும் என்பதால், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விடுங்கள். மடிப்பு சட்டென்று சமமாக வேண்டும். மெதுவாகப் படிந்தால் நீர் வற்றியிருக்கிறது.

ஆக, பாட்டி பார்த்தது சரி. அதற்குப் பிறகு நடப்பதுதான் என்னை வருத்துகிறது. வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், குடல் தட்டுகிறார்கள், வயிறு சுத்தமாகட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுக்கிறார்கள். போய்க்கொண்டிருக்கும் வயிற்றுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தால் இன்னும்தான் போகும். "வயித்துக்கு ஓய்வு கொடு" என்று பட்டினி வேறு போடுகிறார்கள். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அதையும் நிறுத்துகிற வீடுகள் உண்டு. பல் முளைக்கும்போது அப்படித்தான் போகும் என்று இரண்டு நாள் சும்மா இருந்துவிடுவதும் நடக்கிறது. பல் முளைக்கிற வயதில் குழந்தை தவழ்ந்து தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் வைக்கிறது. கிருமி அந்த வழியில் வருகிறது. பல்லின் மேல் பழி போடாதீர்கள்.

1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அந்த எண்ணிக்கை 4க்கும் கீழே இறங்கியது. ஊசி போடத் தெரிந்த ஆள் தேவைப்படவில்லை. குவளையும் கரண்டியும் பிடிக்கத் தெரிந்த அம்மா போதும் என்று அந்த முகாம் காட்டியது. இன்று நாம் ஓ.ஆர்.எஸ். என்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான்.

அது எப்படி வேலை செய்கிறது? பேதியின்போதும் குடல் சர்க்கரையை உறிஞ்சும். சர்க்கரை போகும்போது உப்பையும் சேர்த்து உள்ளே இழுத்துப் போகும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும். அதனால் அளவு முக்கியம். சர்க்கரை கூடினால் பேதி அதிகமாகும், உப்பு கூடினால் மூளைக்கே ஆபத்து. ஓ.ஆர்.எஸ். பொடிப் பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் கரையுங்கள். அரை டம்ளருக்குக் கொஞ்சம் கொட்டிக் கலக்கும் வேலை வேண்டாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர், குழைந்த பருப்புச் சாதம் எல்லாம் கொடுக்கலாம். பாட்டி வைக்கும் கஞ்சிக்கு நான் முழு ஓட்டுப் போடுகிறேன். கடையில் விற்கும் ஜூஸ், சோடா வேண்டாம். இனிப்புப் பானத்தின் மேல் ஓ.ஆர்.எஸ். என்று அச்சடித்து விற்றதை எதிர்த்து ஹைதராபாத் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டது. அவருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். அப்புறம், ஜிங்க் மாத்திரை. 10 முதல் 14 நாள் வரை கொடுக்கச் சொல்வார்கள். பேதி நின்றாலும் பாதியில் விடாதீர்கள்.

மலத்தில் ரத்தம், எதுவும் குடிக்க மறுப்பது, துவண்டு தூங்கிக்கொண்டே இருப்பது, ஆறேழு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாதது: இதில் ஒன்று தெரிந்தாலும் 108க்குக் கூப்பிடுங்கள்.

சரி, சளிக்கு வருவோம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவு இருமலுக்கு அரை டீஸ்பூன் தேன் நல்லது. ஒரு வயதுக்குள் நாக்கில் தடவக்கூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விஷம் பச்சைக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்து கிடைக்கிறது. மூக்கில் எண்ணெய் விடாதீர்கள், அது நுரையீரலுக்குள் இறங்கும். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். கொஞ்சம் கற்பூரம் வாய்க்குள் போனாலே வலிப்பு வரலாம். நான்கு வயதுக்குள் இருமல் சிரப்பைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். சட்டையைத் தூக்கிவிட்டு, குழந்தை அழாமல் இருக்கும்போது, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலும் அது வெறும் சளி இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

காய்ச்சலில் கம்பளி போட்டு மூடாதீர்கள், மெல்லிய துணி போதும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள்.

பாக்கெட் கிடைக்காத ராத்திரிக்கு ஒரு வழி சொல்லி முடிக்கிறேன். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய டீஸ்பூனில் சர்க்கரை ஆறு, உப்பு அரை. மேசையில் எல்லாம் இருக்கிறது, இப்போதே கலந்து பார்ப்போம். பாட்டிகள் முதலில் வாருங்கள், உங்கள் கையால்தான் இதைக் கலக்க வேண்டும். வாயில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரித்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்போம்.