மண்ணுக்குள் ஒரு சுவடி

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2021-இல் அமெரிக்காவில் நான்கு பேர் ஒரே நோயில் விழுந்தார்கள். கான்சஸ், மினசோட்டா, டெக்சஸ், ஜார்ஜியா என்று ஆளுக்கொரு மாநிலம். ஒருவரை ஒருவர் தெரியாது. யாரும் சமீபத்தில் வெளிநாடு போய் வந்தவர்களும் இல்லை. இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதில் ஒன்று சின்னக் குழந்தை. நால்வர் உடம்பிலும் இருந்தது மெலியாய்டோசிஸ் கிருமி. வெப்ப நாடுகளின் ஈர மண்ணிலும் வயல் சேற்றிலும் வாழ்கிற பாக்டீரியா அது. அந்த நான்கு வீட்டுக்குள் அது எப்படிப் போனது?

கிருமியின் மரபணுவை முழுக்கப் படித்துப் பார்த்தார்கள். நான்கும் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக ஒத்திருந்தன. சொந்தபந்தம் எங்கே என்று தேடினால், அது தெற்காசியாவில். அப்படியென்றால் நம் பக்கத்திலிருந்து போன ஏதோ ஒரு பொருள்தான் நான்கு வீட்டுக்கும் போயிருக்க வேண்டும். வீடுகளுக்குத் திரும்பிப் போய் மண், தண்ணீர், வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் சோதித்தார்கள். அக்டோபரில் ஜார்ஜியா வீட்டில் ஒரு சிறு பாட்டில் அகப்பட்டது. அறைக்குள் தெளிக்கும் வாசனைத் திரவம், உள்ளே அழகுக்காகப் போட்ட கற்கள், இந்தியாவில் தயாரானது. அதற்குள் இருந்தது அதே கிருமி. சுமார் 3,900 பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. நம் ஏட்டுச் சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பார்த்து எழுதும்போது ஓர் எழுத்துப் பிழை விழும். அவர் ஏட்டைப் பார்த்து எழுதுகிறவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுவார், தன் பங்குக்கு இன்னொன்றும் போடுவார். பிழைகளை ஒப்பிட்டால் எந்த ஏடு எந்த ஏட்டிலிருந்து பிறந்தது என்று சொல்லிவிடலாம். சுவடி பதிப்பித்தவர்கள் செய்த வேலை இதுதான். பாக்டீரியாவும் ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் தன் ஏட்டைப் படியெடுக்கிறது. இந்தக் கிருமியின் ஏட்டில் சுமார் 72 லட்சம் எழுத்துகள், இரண்டு குரோமோசோம்களில். அதை முதன்முதலாக முழுசாகப் படித்து வெளியிட்டது 2004-இல்.

அதற்கு முன்பு ஏழு மரபணுக்களை மட்டும் படித்து வகை பிரித்தார்கள். பெரிய சுவடியில் ஏழே ஏழு வரி படிப்பது மாதிரி. மலிவான முறை, நிறையப் பயன்பட்டது. ஆனால் ஏமாற்றவும் செய்தது. கம்போடியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் எடுத்த சில கிருமிகள் ஏழு வரியிலும் அப்படியே ஒத்துப்போயின. கடல் தாண்டி வந்துவிட்டதோ என்று சந்தேகம். முழு ஏட்டையும் படித்தபோது, 2015-இல், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது. காரணம், இந்தக் கிருமி இரண்டு சுவடிகளை எதிரே வைத்துக்கொண்டு கலந்து எழுதுகிற ஆள். பக்கத்தில் இருக்கும் கிருமியின் மரபணுத் துண்டை எடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் இதைத் தடம் பிடிக்கிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது.

பொறுமைக்குப் பலனும் உண்டு. இந்தக் கிருமியின் மூத்த வேர் ஆஸ்திரேலியாவில் என்றும், அங்கிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் பரவியது என்றும் மரபணு காட்டுகிறது. அமெரிக்கக் கண்டத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து போயிருக்கிறது, அதுவும் அடிமைக் கப்பல்கள் ஓடிய நூற்றாண்டுகளில். மனிதர்களை விற்ற வழியில் மண்ணின் கிருமியும் போயிருக்கிறது. இதை முதலில் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சரி, இந்த நோயை முதலில் கண்டது யார்? 1911-இல் ரங்கூனில் ஆல்ஃப்ரெட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசுவாமியும். பிரேதப் பரிசோதனை மேசையில் நுரையீரலிலும் ஈரலிலும் சீழ்க்கட்டிகளைப் பார்த்து, குதிரைகளுக்கு வரும் ஒரு நோயைப் போல இருந்தாலும் இது வேறு என்று வளர்த்துக் காட்டினார்கள். நோய்க்கு ‘விட்மோர் நோய்’ என்று பெயர் நின்றுவிட்டது. கிருஷ்ணசுவாமி பெயரை நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடுவதில்லை.

இனி என் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறேன். இந்தக் கிருமி, நாங்கள் கிருமி வளர்க்கும் பிளேட்டில் முதல் நாள் சாதுவாக, சின்னச் சின்னப் புள்ளியாக இருக்கும். இதற்கென்றே உள்ள ஆஷ்டவுன் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் போட்டு நாலு நாள் காத்திருந்தால் ஊதா நிறம் ஏறி, காய்ந்த பூ மாதிரி சுருக்கம் விழும். காத்திருக்காவிட்டால் ‘சூடோமோனாஸ்’ என்ற வேறு கிருமி என்றோ ‘வெளியிலிருந்து கலந்தது’ என்றோ எழுதிவிட்டு பிளேட்டை அழித்துவிடுவோம். நானே அப்படி எழுதியிருக்கிறேன். வயல்வேலை செய்கிற ஒருவர், சர்க்கரை இருந்தது, வாரக்கணக்கில் காய்ச்சல், வேறொரு மருத்துவமனையில் காசநோய் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மண்ணீரலில் கட்டி என்று இரண்டாம் முறை சீழ் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முதல் பிளேட் அதற்குள் போய்விட்டிருந்தது. அதன் மரபணுவை இனி யாராலும் படிக்க முடியாது.

பெயர் சரியாகத் தெரிந்தால் உயிரைக் காப்பாற்ற முடியும் என்பதால் சொல்கிறேன். நாம் வழக்கமாகப் போடும் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து இதற்குப் பெரும்பாலும் வேலை செய்யாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 நாள், அப்புறம் மாத்திரை மூன்று மாதம். தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் நடந்து 1989-இல் வெளியான ஆய்வில், செஃப்டாசிடிம் கொடுத்ததும் கடுமையான நோயாளிகளின் இறப்பு 74 சதவீதத்திலிருந்து 37 ஆகப் பாதியாகக் குறைந்தது.

இலங்கையில் இந்த நோய் அபூர்வம் என்றுதான் நினைத்திருந்தார்கள். 2006-க்குப் பிறகு முறையாகத் தேட ஆரம்பித்தார்கள். மட்டக்களப்பு உட்படப் பல இடங்களில் நோயாளிகள் தென்பட்டார்கள், அதுவரை யாரும் பார்த்திராத மரபணு வகைகளோடு. நம் டெல்டா வயல்களும் மழையில் ஊறுகிறவைதான்.

இங்கே டாக்டர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு எழுதும் சீட்டில் ‘சர்க்கரை உண்டு, வயல்வேலை’ என்று சேர்த்து எழுதுங்கள். அது இருந்தால் பிளேட்டை நாங்கள் நாலு நாள் வைத்திருப்போம்.