நண்பகல் பேய்

நேயர்களுக்கு வணக்கம்.

எகிப்தில், அலெக்சாந்திரியாவுக்குத் தெற்கே, நைல் கழிமுகத்தின் மேற்கு ஓரப் பாலைவனத்தில் கெல்லியா என்று ஓர் இடம் இருந்தது. நான்காம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான கிறிஸ்தவத் துறவிகள் அங்கே தனித்தனிக் குடில்களில் வாழ்ந்தார்கள். நம் ஊரில் வனத்து அந்தோணியார் என்று கோயில் கட்டிக் கும்பிடுகிறோமே, அவர் காட்டிய வழியில் வந்தவர்கள்.

அவர்களில் ஒருவர் எவாக்ரியுஸ். கான்ஸ்டான்டினோபிளில் பெரிய பேச்சாளராக இருந்தவர். திருமணமான ஒரு பெண்மீது மனம் போனதால் ஊரைவிட்டே ஓடிவந்தார். எருசலேமில் நோயாய்ப் படுத்தவரை மெலானியா என்ற துறவிப் பெண் தேற்றி எகிப்துக்கு அனுப்பிவைத்தார். 399இல் இறக்கும்வரை அந்தப் பாலைவனத்தில்தான் இருந்தார். மனம் எப்படியெல்லாம் ஆளை இழுத்துக்கொண்டு போகும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்.

துறவியைக் குலைக்கும் எண்ணங்கள் எட்டு என்று அவர் எழுதிவைத்தார். பின்னாளில் ஏழு தலையான பாவங்கள் என்று ஆனவற்றுக்கு வேர் இதுதான். அந்த எட்டில் அவர் மிகக் கொடியதாகக் கண்டது பெருந்தீனியோ காமமோ அல்ல, சலிப்பு. விவிலியத்தின் திருப்பாடல் 91 சொல்லும், நண்பகலில் தாக்கும் வாதையோடு சேர்த்து அதை 'நண்பகல் பேய்' என்றார்கள். காலை பத்து மணி வாக்கில் வரும். பொழுது நகராது, ஒரு நாள் ஐம்பது மணி நேரம் போல நீளும். துறவி ஜன்னலையே பார்ப்பார். வெளியே வந்து, சூரியன் எங்கே இருக்கிறது, சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுவார். யாராவது வருகிறார்களா என்று எட்டிப்பார்ப்பார். அப்புறம் இந்த இடமே பிடிக்காது, செய்கிற வேலை பிடிக்காது. என்றைக்கோ மனம் நோகப் பேசிய ஒருவர் நினைவுக்கு வருவார். வேறெங்காவது போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும்.

மனநல ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேர் இதையே வேறு சொற்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எவாக்ரியுஸ் சொன்னதில் நான் மிகவும் மதிப்பது ஒன்று. இந்த எண்ணங்கள் வருவதும் வராததும் நம் கையில் இல்லை. அவை தங்குவதும் தங்காததும்தான் நம் கையில் இருக்கிறது என்றார். பீமென் என்ற துறவியிடம் ஒரு சகோதரர் வந்து, கெட்ட எண்ணங்கள் வந்துகொண்டே இருக்கின்றன என்று அழுதாராம். பெரியவர் அவரை வெளியே கூட்டிப்போய், "மார்பை விரித்துக் காற்றைப் பிடித்து நிறுத்து" என்றார். "முடியாதே" என்றார் இவர். "அது முடியாதென்றால் எண்ணம் வருவதையும் நிறுத்த முடியாது. எதிர்த்து நிற்பதுதான் உன் வேலை." எண்ணம் வந்ததற்காகவே தன்னைப் பாவி என்று வதைத்துக்கொள்கிற எத்தனை பேருக்கு இது ஆறுதல்!

எதிர்த்து நிற்பது எப்படி? முதலில் கவனி என்றார் எவாக்ரியுஸ். எந்த எண்ணம் எப்போது வருகிறது, எது எதன் பின்னால் வருகிறது, எப்போது தணிகிறது என்று பார். பிறகு பதில் சொல். ஒவ்வோர் எண்ணத்துக்கும் திருப்பிச் சொல்ல வேத வசனங்களைத் திரட்டி, ஏறத்தாழ 500 பதில்கள் கொண்ட ஒரு நூலே எழுதினார். 1960களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வு உள்ளவர்களின் மனத்தில் தானாக ஓடும் எண்ணங்களைக் குறித்துவைத்துச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சையை உருவாக்கினார். இரண்டும் ஒன்றல்ல. பெக் கேட்டது, இந்த எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா என்று. எவாக்ரியுஸ் தேடியது, இறைவனிடம் மனம் ஒன்றி நிற்கும் வழியை. ஆனால் எண்ணத்தை எட்டி நின்று பார்க்கலாம் என்ற அடிப்படை இரண்டிலும் உண்டு. அவர்கள் அதைப் பேய் என்றதும் இந்த வகையில் உதவியது: அது வேறு, நான் வேறு என்று ஆகிவிடுகிறது அல்லவா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தத் துறவிகள் தனியாக இருந்தாலும் தனியாகப் போராடவில்லை. தன் எண்ணங்களை ஒரு பெரியவரிடம் அப்படியே சொல்லிவிடுவது அங்கே வழக்கம். ஒளித்துவைத்தால் வளரும், சொன்னால் வலுவிழக்கும் என்று நம்பினார்கள். இன்று மாதக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், உயிர்மேலேயே வெறுப்பு வந்தவரிடம், ஜெபம் செய்தால் போதும் என்று சொல்லி அனுப்புகிறோமே, அது அந்தத் துறவிகள் காட்டிய வழி அல்ல. அவருக்கு மருத்துவர் வேண்டும், பேச ஆள் வேண்டும்.

சலிப்பு அமுக்கும்போது எவாக்ரியுஸ் சொன்ன மருந்து ஒன்று உண்டு. மனத்தை இரண்டாகப் பிரித்துக்கொள். ஒரு பாதி அழட்டும், மறு பாதி தேற்றட்டும் என்கிறார். தேற்றுவதற்கு அவர் எடுத்துக்கொடுப்பது திருப்பாடல் 42இன் வரி: "என் நெஞ்சே, நீ தளர்ச்சியுறுவது ஏன்?" கவனியுங்கள், அழுகிற பாதியை அவர் அதட்டவில்லை, வாயை மூடு என்று சொல்லவில்லை. தன்னையே திட்டித்திட்டிக் களைத்துப்போனவர்களிடம் இன்று நாங்கள் மெல்ல மெல்லப் பழக்கப் பார்ப்பதும் இதைத்தான்.

வணக்கம்.