வெண்கலம் யாரைக் கடித்தது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து நீல் சிலையை அகற்றியது சரியே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், "வெயிலிலும் மழையிலும் சும்மா நின்ற வெண்கலம் யாரைக் கடித்தது?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். எழுதி வந்ததை மடித்து வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

யார் இந்த நீல்? மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படையின் கர்னல். 1857இல் சிப்பாய்க் கிளர்ச்சியை அடக்க இங்கிருந்து வடக்கே போய், காசியிலும் அலகாபாத்திலும் கண்டவர்களையெல்லாம் தூக்கில் போடவைத்தவர். கான்பூரில் பீபிகர் என்ற வீட்டில் அடைத்து வைத்திருந்த ஆங்கிலேயப் பெண்களையும் குழந்தைகளையும் கிளர்ச்சித் தரப்பினர் கொன்றார்கள். அது பெருங்கொடுமை, நான் மறுக்கவில்லை. அதற்கு நீல் செய்தது என்ன? பிடிபட்டவர்களைத் தூக்கிலிடுமுன், அங்கே உறைந்துகிடந்த ரத்தத்தைச் சுத்தம் செய்ய வைத்தார். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. அப்படிப்பட்டவரைக் கலகத்தை முதலில் தடுத்த வீரர் என்று பீடத்தில் பொறித்து, நம் வீதியில் நிறுத்தினார்கள்.

கடித்தது ஐயா! கடலூர் அஞ்சலையம்மாளைக் கடித்தது. 1927இல் இந்தச் சிலையை அகற்றச் சொல்லி நீல் சிலை சத்தியாகிரகம். அந்த அம்மா தனியாக வரவில்லை. மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வந்தார். யாரை? மகளை! பாவாடை கட்டி விளையாடுகிற வயது. நம் வீட்டுப் பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பு என்றாலே நாம் துடித்துப்போகிறோம். அந்தத் தாய் பெற்ற பிள்ளையைப் போலீசுக்கு முன்னால் நிறுத்தினார். இருவரும் கைதானார்கள். திரும்பவும் சொல்கிறேன், தாயும் மகளும் கைதானார்கள்! காந்தியடிகள் அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் வைத்து, தம் ஆசிரமத்துக்கே அழைத்துப்போனார்.

சிலையை எடுத்து வரலாற்றை மறைத்துவிட்டோமாம், எதிரணி சொல்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், நீல் அங்கேதான் நிற்கிறார்.

1937இல் ராஜாஜி அரசு சிலையை எடுத்தது. அதே ஆண்டு அஞ்சலையம்மாள் சட்டமன்ற உறுப்பினர். பத்து வருடம் ஐயா! எந்தச் சிலைக்காகப் பெற்ற பிள்ளையோடு கைதானாரோ, அந்தச் சிலை இல்லாத மவுண்ட் ரோட்டை அந்தத் தாய் கண்ணால் பார்த்தார். அவர் முகத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள் நடுவர் அவர்களே. அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.