மூன்று பேர் போதும்

நேயர்களுக்கு வணக்கம். சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறவன் என்ற முறையில் இன்று பெற்றோரிடமும் பி.டி. ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்ளப் போகிறேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளைப் பெரிய மைதானத்தில் பக்கத்துக்குப் பதினொரு பேராக இறக்கிவிடாதீர்கள்.

பெரியவர்கள் ஆடுகிற மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கோல் போஸ்டின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். அதற்கு நடுவே நாலடி உயரப் பிள்ளையைக் கோல்கீப்பராக நிறுத்தினால் என்ன ஆகும்? தலைக்கு மேலே தூக்கி அடித்தால் கோல். வகுப்பிலேயே உயரமான பையன் தூக்கித் தூக்கி அடிப்பான், டீம் ஜெயிக்கும், கோப்பையோடு படம் எடுத்துக்கொள்வோம். மற்ற பிள்ளைகள் பந்துக்குப் பின்னால் கூட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நுழையப் பயப்படுகிற பிள்ளை ஓரமாக நின்று சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருக்கும். ஆட்டம் முடியும்வரை அதன் காலில் பந்து படுவதே அபூர்வம். காலில் படாத பந்தை வைத்து எதைக் கற்றுக்கொள்வது?

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப் நடத்தும் சிறுவர் அகாடமியில் 2002-03 வாக்கில் இதை எண்ணியே பார்த்துவிட்டார்கள். ஒன்பது வயதுப் பிரிவுப் பிள்ளைகளை எட்டுக்கு எட்டாகவும் நாலுக்கு நாலாகவும் ஆடவைத்து ஒப்பிட்டார்கள். நாலு பேர் ஆட்டத்தில் பாஸ் 135 சதவீதம் கூடியது. ஆளுக்கு ஆள் நேராக மோதுவது 225 சதவீதம், டிரிபிளிங், அதாவது பந்தைக் காலோடு ஓட்டிச் செல்வது, 280 சதவீதம், கோல் அடிக்கும் முயற்சி 260 சதவீதம் கூடின. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். ஆள் குறைந்தது, இடம் குறைந்தது, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனி எடுத்த முடிவு. உலகக் கோப்பையில் 2018லும் 2022லும் முதல் சுற்றிலேயே வெளியேறிய நாடு அது. சில வருடச் சோதனைக்குப் பிறகு, 2024-25 சீசனிலிருந்து அங்கே சின்னப் பிள்ளைகளுக்குச் சிறு ஆட்டங்கள்தான் விதி. மிகச் சின்னவர்கள் இரண்டுக்கு இரண்டு அல்லது மூன்றுக்கு மூன்று ஆடுகிறார்கள். கோல்கீப்பர் கிடையாது. பக்கத்துக்கு இரண்டாக நாலு குட்டி கோல்கள். ஹாக்கி பயிற்சியாளராகப் பெயர் பெற்ற ஹோர்ஸ்ட் வைன் உருவாக்கிய ஃபுனினோ என்ற ஆட்டம்தான் இதற்கு அடிப்படை.

அந்த இரண்டாவது கோலில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு சிறுமி பந்தோடு வலப்பக்கக் கோலை நோக்கிப் போகிறாள் என்று வையுங்கள். எதிர் டீமில் இரண்டு பேர் ஓடிவந்து வழியை அடைக்கிறார்கள். ஒரே கோல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுவாள். இங்கே இடப்பக்கக் கோல் காலியாகக் கிடக்கிறது. அவள் உள்ளங்காலால் பந்தை நிறுத்துகிறாள், தலையைத் தூக்கிப் பார்க்கிறாள், பாதத்தின் வெளிப்பக்கத்தால் பந்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள். 'தலையைத் தூக்கிப் பார்' என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தியும் வராத பழக்கம், அந்த நாலு கோலால் தானாக வருகிறது. ஒவ்வொரு கோலுக்கும் பிறகு இரு பக்கமும் முறை வைத்து ஆள் மாற வேண்டும் என்றும் அங்கே வைத்திருக்கிறார்கள். அதனால் எந்தப் பிள்ளையும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க முடியாது.

இந்தச் சிறு ஆட்டங்களுக்கு அங்கே புள்ளிப்பட்டியலும் கிடையாது. அது இல்லாவிட்டால் ஜெயிக்கிற வெறி போய்விடாதா என்று ஜெர்மனியிலேயே பெரிய எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கவலையை நான் ஏற்கவில்லை. ஐந்து நிமிட ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் என்ன என்று எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பட்டென்று சொல்லும். பட்டியல் தேவைப்படுவது நமக்குத்தான்.

நம் நாட்டிலும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018ல் கோல்டன் பேபி லீக் என்று குழந்தைகளுக்கான சிறு ஆட்டங்களைத் தொடங்கியது. ஆனால் அதற்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கூடைப்பந்து மைதானம் அளவு இடம் இருந்தால் போதும். சின்னப் பிள்ளைகளுக்கான மூன்றாம் எண் அளவுப் பந்து ஒன்று வாங்குங்கள். இரண்டு தண்ணீர் பாட்டிலை ஒரு தப்படி இடைவெளியில் வைத்தால் அது ஒரு கோல். பெற்றோர் கைதட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம். 'அடிடா', 'பாஸ் போடுடா' மட்டும் வேண்டாம், பிள்ளை எடுக்க வேண்டிய முடிவை நாம் எடுத்துவிடுகிறோம்.

பி.டி. ஆசிரியர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வகுப்பில் 24 பேர் என்றால் மூன்றுக்கு மூன்றாக நாலு களம் போடுங்கள், ஒரே நேரத்தில் எல்லாரும் ஆடலாம். வரிசையில் யாரும் நிற்க வேண்டாம். ஐந்து நிமிடத்தில் விசில். ஜெயித்தவர்கள் ஒரு களம் மேலே, தோற்றவர்கள் ஒரு களம் கீழே. மூன்று நாலு சுற்று போனதும் ஏறக்குறைய ஒரே திறமை உள்ளவர்கள் எதிரெதிரே வந்துவிடுவார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஜெயிக்கவும் வாய்ப்பு, தோற்கவும் வாய்ப்பு. அதற்குப் பிறகு நீங்கள் நேரத்தைப் பார்த்து விசில் ஊதினால் போதும். வணக்கம்.